ஒரு பிடியும் நாலு படியும்

"அளக்குற படிய எப்ப என் கையில தருவிய, டீச்சர்?"

சங்கரநயினார் கேட்டார். சனிக்கிழமை தோறும் கேட்கிற கேள்விதான்.

சலேத் டீச்சர் அரிசிப் பெட்டியின் மூடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"இன்னைக்கு உங்களுக்கு எத்தன படி போட, அண்ணாச்சி?"

"எனக்கெதுக்கு டீச்சர் அரிசி? பென்ஷன் வருது. சோறு மெஸ்ஸுலேர்ந்து வருது. இல்லாதவங்களுக்குப் போடுங்க."

"அப்பச் சரி" என்று டீச்சர் கூட்டுகிற வாரியலை எடுத்து அவர் கையில் கொடுத்தார்.

டீச்சர் என்று ஊரே அவரைக் கூப்பிட்டது. எப்போதோ தையல் வகுப்பு நடத்தியதில் ஒட்டிக்கொண்ட பெயர். மற்றபடி அவர் யாருக்கும் எதையும் விளக்கிச் சொல்லி எவரும் கேட்டதில்லை. கேள்வி கேட்டால் கையில் எதையாவது கொடுப்பார். பெரும்பாலும் வாரியல்.

சங்கரநயினார் அவரைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவர். துறைமுகத்துச் சரக்குக் கொட்டகையில் மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி போனபிறகு அவர் வீட்டு அடுப்பு எரியவே இல்லை. ஒருநாள் டீச்சர் முன் வந்து நின்று, "பசிச்சவனுக்குச் சோறு போடுறத உங்ககிட்டக் கத்துக்கிடணும்" என்றார். டீச்சர் சரி என்றார். அன்றைக்குக் கையில் வந்த வாரியல்தான், இன்னும் இறங்கவில்லை.

பிடியரிசி வங்கி ஒரு பழைய உப்புக் கிட்டங்கியில் நடந்தது. உப்பு மூட்டை அடுக்கிய இடத்தில் இப்போது இடுப்புயர அரிசிப் பெட்டி.

ஊரில் பல வீடுகளில் உலைக்கு அரிசி களையும்போது ஒரு பிடி தனியே எடுத்து ஒரு டப்பாவில் போடுவார்கள். அதுதான் பிடியரிசி. சனிக்கிழமை அதைக் கொண்டுவந்து பெட்டியில் கொட்டுவார்கள். வரமுடியாத வீடுகளுக்குத் தவசி தன் லோடு ஆட்டோவில் போய் வாங்கி வருவான். ஹோட்டல்காரர் மூட்டையாக அனுப்புவார். நகைக்கடைக்காரர் மகள் பிறந்தநாளுக்குக் கொண்டுவருவார். பொன்னி, இட்லி அரிசி, ரேஷன் அரிசி, பச்சரிசி எல்லாம் ஒன்றாகக் கிடக்கும். தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பதால் யாரும் அதைப்பற்றிப் பேசுவதில்லை.

கிட்டங்கிக்கு இரண்டு வாசல் உண்டு. பின்வாசலை டீச்சர் ஆணி அடித்து மூடி வைத்திருந்தார். கொடுப்பவரும் வாங்குபவரும் முன்வாசலில் ஒரே வரிசையில் நிற்கவேண்டும். எல்லார் கையிலும் மஞ்சள் பை. உள்ளே ஒரு சாக்குத் திரை. ஒவ்வொருவராகத் திரைக்குப் பின்னால் போகவேண்டும். கொண்டுவந்ததைப் பெட்டியில் போடவேண்டும். அங்கே படியோடு நிற்பவர் எல்லாரிடமும் ஒரே கேள்வி கேட்பார்.

"எத்தன படி?"

மூட்டை கொண்டுவந்த நகைக்கடைக்காரரிடமும் இதே கேள்வி. முதல்முறை அவர் விழித்தார். பிறகு சிரித்துவிட்டு, "ஒரு படி போடுங்க" என்று வாங்கிப்போனார். அதிலிருந்து வாங்குகிறார்.

தவசி வாரம் இரண்டு படி வாங்குவான். வேலை செய்கிற எல்லாருமே வாங்குவார்கள். அவர்கள் கையில் படி மாறி மாறிப் போகும்.

சங்கரநயினார் மட்டும் வாங்குவதில்லை. வந்த இடத்தில் கைநீட்டுவது அவருக்கு ஒப்பவில்லை. ஆசையில்லாத தன் கைக்குப் படி வரவில்லை, ஆட்டோக்காரன் கைக்கு வருகிறது. ஒரு கண்ணுக்கு வெண்ணெய், ஒரு கண்ணுக்குச் சுண்ணாம்பு என்று உள்ளுக்குள் புகைந்துகொண்டே கூட்டினார்.

கூட்டுகிறபோது திரைக்குப் பின்னால் பேசுவது காதில் விழும். பேச்சித்தாயின் குரல் அவருக்குப் பழக்கம். உப்பளத்தில் வேலை பார்ப்பவள். புருஷன், இரண்டு பெண்பிள்ளைகள். முந்தியில் ஒரு பிடி அரிசி முடிந்து கொண்டுவந்து பெட்டியில் போடுவாள்.

"எத்தன படி?"

"ரெண்டு போதும்."

நாலு பேர் இருக்கிற வீட்டுக்கு வாரம் முழுக்க இரண்டு படி எப்படிப் போதும் என்று யாரும் கேட்டதில்லை. கேட்பது அங்கே வழக்கமில்லை.

ஐப்பசி பிறந்தது. மழை பிடித்துக்கொண்டது.

மற்ற ஊரில் மழை பெய்தால் சோறு. அந்த ஊரில் மழை பெய்தால் உப்பளம் முழுகிப்போகும், கூலி நின்றுபோகும், அடுப்பில் பூனை உறங்கும். கிட்டங்கி வரிசை தெருமுனையைத் தாண்டியது.

அந்த நேரம் பார்த்து டீச்சரின் அம்மாவுக்கு மதுரையில் கண் ஆபரேஷன். டீச்சர் சாவியைச் சங்கரநயினாரிடம் கொடுத்தார்.

"படி?"

"படியத் தவசி பிடிக்கட்டும். நீங்க வாசலப் பாத்துக்கிடுங்க, அண்ணாச்சி."

வாசலைப் பார்த்தார். சும்மா பார்க்கிற ஆளா அவர்? கப்பல் சரக்கையே வழிபிரித்து அனுப்பியவர்.

சனிக்கிழமை கொட்டுகிற மழையில் ஜனம் நனைந்துகொண்டு நின்றது. கைப்பிள்ளைக்காரி ஒருத்தி நின்றாள். அவளுக்கு முன்னால் ஒரு பிடி அரிசி போடுவதற்காகப் பத்துப் பேர் நின்றார்கள். சங்கரநயினாருக்கு மனசு பொறுக்கவில்லை.

"ஒரு பிடி போட வந்தவன் ஒரு பக்கமாப் போட்டுட்டுப் போனா, வாங்க வந்தவ சீக்கிரம் வீடு போய்ச் சேருவால்லா?"

தவசி தலையைச் சொறிந்தான். "டீச்சர் வந்தப்புறம் கேட்டுக்கிடுவோமே, அண்ணாச்சி."

"மழை டீச்சரக் கேட்டுட்டா பெய்யுது?"

சுத்தியலைத் திருப்பிப் பிடித்துப் பின்வாசல் ஆணிகளைப் பிடுங்கினார். திரையைக் கழற்றி வைத்தார். இரண்டு அட்டையில் எழுதி மாட்டினார். முன்வாசலில் 'கொடுப்போர்'. பின்வாசலில் 'பெறுவோர்'.

உண்மையைச் சொல்லவேண்டும், வேலை மளமளவென்று நடந்தது. நனைந்து நின்றவர்கள் குறைந்தார்கள். கைப்பிள்ளைக்காரி அவரைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுப் போனாள். சங்கரநயினாருக்கு வயிறு குளிர்ந்தது.

அப்போதுதான் பேச்சித்தாய் வந்தாள். அட்டையைப் படித்தாள். கொடுப்போர் வரிசையில் நின்று, உள்ளே போய், முந்தியை அவிழ்த்து ஒரு பிடி அரிசியைப் பெட்டியில் போட்டாள். பிறகு கிட்டங்கியைச் சுற்றிக்கொண்டு போய்ப் பின்வாசல் வரிசையில் நின்றாள்.

பின்வாசலில் சங்கரநயினார் நின்றார்.

"இப்பத்தானம்மா முன்வாசல்ல நின்னிய?"

"ஆமா, அண்ணாச்சி."

"இங்கயும் நிக்கிய?"

பேச்சித்தாய் பையை விரித்தாள்.

சங்கரநயினார் கெட்டவர் இல்லை. இரக்கப்பட்டுத்தான் சொன்னார். சத்தம் கொஞ்சம் பெரிசு, கொட்டகையில் பழகிய சத்தம்.

"வாங்குதவுங்க எதுக்கும்மா குடுக்கணும்? அந்தப் பிடிய வீட்டுலயே பொங்குனா பிள்ளைக்கு ஒரு வாய் ஆச்சே. இந்தாங்க, உங்க அரிசி."

பெட்டியிலிருந்து ஒரு பிடி அள்ளி அவள் கையில் வைத்தார்.

வரிசையே திரும்பிப் பார்த்தது.

பேச்சித்தாய் கையிலிருந்த அரிசியைப் பார்த்தாள். அதை மறுபடி முந்தியில் முடிந்தாள். வரிசையை விட்டு விலகி மழைக்குள் நடந்தாள்.

"ஏம்மா, அரிசி வாங்கிட்டுப் போங்க!"

அவள் திரும்பவில்லை. மழைச் சத்தத்தில் கேட்கவில்லை போல என்று நினைத்துக்கொண்டார் சங்கரநயினார்.

அடுத்த சனிக்கிழமை காலையில் டீச்சர் மதுரையிலிருந்து வந்து இறங்கினார். நேரே கிட்டங்கிக்கு வந்தார்.

இரண்டு வாசல். இரண்டு வரிசை. இரண்டுமே குட்டையாக இருந்தன.

சங்கரநயினார் முன்னால் வந்து நின்றார். முகத்தில் பெருமை வழிந்தது.

"பாத்தியளா டீச்சர்? கூட்டமே இல்ல. ஒருத்தரும் நனையல."

டீச்சர் முன்வரிசையைப் பார்த்தார். பின்வரிசையைப் பார்த்தார்.

"பேச்சித்தாய் எங்க?"

"இன்னும் வரல."

"பாண்டியம்மா?"

"அவளும் வரல." கொஞ்சம் யோசித்தார். "சில பேரு வரலதான்."

சங்கரநயினார் தானாகவே நடந்ததைச் சொன்னார். பிடி அரிசியைத் திருப்பிக் கொடுத்ததையும் சொன்னார். சொல்லச் சொல்ல அவருடைய குரல் இறங்கிக்கொண்டே வந்தது. செய்தபோது சரியாக இருந்தது, சொல்லும்போது சரியாக இல்லை. ஏன் என்றுதான் பிடிபடவில்லை.

"நான் என்ன தப்பு செஞ்சேன், டீச்சர்? அவ பிள்ளைக்குத்தானே சொன்னேன்?"

டீச்சர் ஆணியில் தொங்கிய ஒரு மஞ்சள் பையை எடுத்தார். உதறினார். அவரிடம் நீட்டினார்.

"பேச்சித்தாய் வீட்டுக்குப் போய்ப் பிடியரிசி வாங்கிட்டு வாங்க."

"அவ வீட்டுலயா? அங்க என்ன இருக்கும்?"

"எனக்குத் தெரியாது, அண்ணாச்சி."

"நாலு படி அரிசியக் கொண்டு குடுத்துட்டு வாரேனே."

"வெறும் பையோட போங்க."

அவர் நின்றார். டீச்சரும் நின்றார். வாரியல் கொடுத்திருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது அவருக்கு. பையைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு இறங்கினார்.

மெஸ் சாப்பாட்டைக்கூடத் தொடாமல் காலையிலேயே கிட்டங்கிக்கு வந்தவர். உப்பளத்துக் கரையோடு நடந்தார். பாத்தி, வரப்பு ஒன்றும் தெரியவில்லை. எங்கும் தண்ணீர். கடன் கேட்கப் போகிறவன் மாதிரி அவர் கால் பின்னியது. என்ன சொல்லிக் கேட்பது என்று வழி நெடுக ஒத்திகை பார்த்தார். ஒன்றும் அமையவில்லை.

பேச்சித்தாய் வாசலில் வந்து நின்றாள். அவளுக்குப் பின்னால் இரண்டு பெண்பிள்ளைகள். உள்ளே பாயில் புருஷன் கால் கட்டோடு கிடந்தான். உப்புத் தண்ணீரில் நின்று நின்று வந்த புண்.

"என்ன, அண்ணாச்சி?"

ஒத்திகை பார்த்த சொல்லெல்லாம் போன இடம் தெரியவில்லை. சங்கரநயினார் பையை விரித்தார்.

"பிடியரிசி வாங்க வந்தேன்."

பேச்சித்தாயின் முகம் இறுகியது.

"கேலி பண்ணுதியளா?"

"இல்லம்மா. டீச்சர் அனுப்புனாவ."

அவள் அவரையே பார்த்தாள். தலை நனைந்திருந்தது. அவருக்கு அவள் முகத்தைப் பார்க்கக் கூச்சமாக இருந்தது. தன் வாழ்நாளில் அவர் ஒரு வாசலில் போய்க் கையேந்தி நின்றதில்லை.

பேச்சித்தாய் உள்ளே போனாள்.

வாசலிலிருந்தே அடுப்பு தெரிந்தது. சாம்பல்கூட ஈரமாகக் கிடந்தது.

"அடுப்பு பத்தவைக்கலயாம்மா?"

"ரெண்டு நாளாப் பக்கத்து வீட்டுக் கஞ்சிதான்."

அவள் ஒரு டப்பாவோடு வந்தாள். மூடியைத் திறந்தாள். உள்ளே அரிசி இருந்தது. பொன்னி, இட்லி அரிசி, பச்சரிசி, ரேஷன் அரிசி எல்லாம் கலந்த ஒரு பிடி. அவர் அள்ளிக் கொடுத்த அதே பிடி.

சங்கரநயினார் டப்பாவுக்குள் குனிந்து பார்த்தார்.

"அரிசி இருக்கே, தாயி. பிள்ளைகளுக்குப் பொங்கியிருக்கலாமே."

"அது எடுத்துவச்சது, அண்ணாச்சி" என்றாள் பேச்சித்தாய், தெரியாத பிள்ளைக்குச் சொல்வதுபோல. "எடுத்துவச்சதுல எப்படிப் பொங்க?"

பசி வந்தால் பத்தும் பறந்துபோகும் என்று சொல்லிவைத்தவன் அந்தத் தெருப்பக்கம் வந்ததில்லை போலும்.

அவள் டப்பாவைக் கவிழ்த்தாள். பை லேசாகக் கனத்தது.

உள்ளேயிருந்து புருஷன் குரல் கொடுத்தான்.

"போட்டாச்சா?"

"போட்டாச்சு."

"நல்லது. ஒரு வாரமாக் கெடந்துச்சே."

இளைய பெண் ஒரு செம்பில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள். வீடு தேடி வந்தவருக்குக் கொடுக்க அதுதான் இருந்தது. சங்கரநயினார் வாங்கிக் குடித்தார். முழுவதையும் குடித்தார்.

"கிட்டங்கி தெறந்துதான் இருக்கு" என்றார். "இப்பவே வாங்கம்மா."

"எந்த வாசல்ல வர, அண்ணாச்சி?"

அவர் செம்பைக் கொடுத்துவிட்டு வேகமாக நடந்தார். வரும்போது பின்னிய கால் போகும்போது ஓடியது.

கிட்டங்கிக்கு வந்ததும் பின்வரிசையில் நின்றவர்களை முன்பக்கம் வரச் சொன்னார். கதவைச் சாத்தினார். சுத்தியல் எடுத்து ஆணியை அடித்தார். வளைந்த ஆணியை நிமிர்த்தி நிமிர்த்தி அடித்தார். அட்டைகளை இறக்கிக் கிழித்தார். சாக்குத் திரையை மாட்டினார். அடிக்கிற சத்தம் கேட்டுத் தவசி எட்டிப்பார்த்துவிட்டுத் தலையை இழுத்துக்கொண்டான்.

டீச்சர் படியை எடுத்துக்கொண்டு திரைக்குப் பின்னால் போனார்.

மழை வலுத்தது. ஒரே வரிசை. சங்கரநயினார் பையோடு வெளியே போய்க் கடைசியில் நின்றார். வரிசையில் நின்றவர்கள் அவரைப் பார்த்தார்கள். பிறகு பார்ப்பதை விட்டுவிட்டார்கள். சட்டை நனைந்து முதுகோடு ஒட்டியது. முன்னால் ஹோட்டல்காரரின் வேலையாள் நின்றான். அவன் கொடுக்க வந்தானா, வாங்க வந்தானா என்று சங்கரநயினாருக்குத் தெரியவில்லை.

கொஞ்ச நேரத்தில் பின்னால் யாரோ வந்து நின்றார்கள். திரும்பிப் பார்த்தார். பேச்சித்தாய். வரிசை நகர்ந்தது.

அவர் முறை வந்தது. திரைக்குப் பின்னால் போனார். பையைக் கவிழ்த்தார். பேச்சித்தாயின் பிடி பெட்டிக்குள் விழுந்து மற்ற அரிசியோடு கலந்தது. எது எந்த வீட்டு அரிசி என்று இனி யாராலும் சொல்ல முடியாது.

டீச்சர் எல்லாரிடமும் கேட்கிற மாதிரியே கேட்டார்.

"எத்தன படி, அண்ணாச்சி?"

சங்கரநயினார் வாயைத் திறந்தார். வழக்கமான பதில் நாக்கு வரைக்கும் வந்தது. அதற்கு அப்பால் வரவில்லை.

"ஒரு படி போடுங்க, டீச்சர்" என்றார். "காலையிலேர்ந்து ஒண்ணும் சாப்பிடல. பசிக்குது."

டீச்சர் அளந்தார். உள்ளங்கையால் தடவிவிட்டு அவர் பையில் கொட்டினார்.

"ஊற வச்சுப் பொங்குங்க. கலப்பரிசி. அவசரப்பட்டா பாதி வேகும், பாதி வேகாது."

"சரி, டீச்சர்."

அவர் நகரப்போனார். டீச்சர் படியை அவர் கையில் வைத்துவிட்டுத் திரையை விலக்கிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

சங்கரநயினார் படியைப் பார்த்துக்கொண்டே நின்றார். எத்தனையோ சனிக்கிழமை கேட்ட படி. இப்போது கையில் இருந்தது, எப்படிப் பிடிப்பது என்றுகூடத் தெரியவில்லை.

திரை விலகியது. பேச்சித்தாய் உள்ளே வந்தாள். பையை விரித்துப் பிடித்தாள்.

"எத்தன படிம்மா?" குரல் அவருக்கே கேட்கவில்லை.

அவள் அவர் காலடியில் இருந்த மஞ்சள் பையைப் பார்த்தாள். அது அரிசியோடு உட்கார்ந்திருந்தது.

"நீங்களும் வாங்குனியளா, அண்ணாச்சி?"

"ஆமாம்மா. ஒரு படி."

"அப்ப எனக்கு நாலு போடுங்க" என்றாள் பேச்சித்தாய்.